செயற்கைக்கோள் காட்டை எடை போடுவதில்லை

காடுகளைக் கண்காணிக்க 2025-இல் மூன்று மாத இடைவெளியில் இரண்டு பெரிய செயற்கைக்கோள்கள் மேலே போயின. ஏப்ரல் 29 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமையின் ‘பயோமாஸ்’. ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய ‘நிசார்’. இரண்டும் பெரிய சாதனைகள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவற்றை ஒட்டி ஒரு நம்பிக்கையும் வேகமாகப் பரவிவிட்டது. ஒரு காட்டில் எத்தனை டன் மரம் நிற்கிறது, அதில் எத்தனை டன் கார்பன் அடங்கியிருக்கிறது என்பதை இனி வானத்திலிருந்தே அளந்துவிடலாம் என்கிறார்கள். நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஆட்கள் காட்டுக்குள் போய் மரம் மரமாகச் சுற்றளவு எடுத்த காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். கார்பன் வரவு விற்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். திட்ட அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர்கள் சொல்கிறார்கள். ஒரு மரத்தைக்கூட அளக்காமல் காட்டின் உயிர்த்திரளைப் பற்றி ஆய்வேடு எழுதலாம் என்று மாணவர்களும் நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே தவறு. இதை நம்பிக் களப்பணியைக் கைவிட்டால் செயற்கைக்கோள் தரும் தரவும் சேர்ந்தே பயனற்றுப் போகும்.

செயற்கைக்கோள் உண்மையில் எதை அளக்கிறது? ஒளிப்படக் கருவி, இலைகளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி எந்த நிறத்தில் எவ்வளவு என்று பதிவு செய்கிறது. ரேடார், தான் அனுப்பிய நுண்ணலை எவ்வளவு வலுவோடு திரும்பியது என்று பார்க்கிறது. லைடார், லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது மர உச்சியைத் தொட்டும் தரையைத் தொட்டும் திரும்பி வந்த நேரத்தை வைத்து உயரம் சொல்கிறது. நிறம், வலு, நேரம் என்ற இந்த மூன்றில் எதுவும் எடை அல்ல. விண்ணில் இருக்கும் எந்தக் கருவியும் இதுவரை ஒரு சுள்ளியைக்கூட எடை போட்டதில்லை.

அப்படியானால் வரைபடத்தில் டன் கணக்கு எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு காட்டில் ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்ததிலிருந்து வந்தது. வெட்டுவதற்கு முன் மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டரில், சுற்றளவு எடுப்பார்கள். சாய்ந்த பிறகு நாடாவைக் கிடத்தி நீளம் பார்ப்பார்கள். அடிமரம், பெருங்கிளை, சுள்ளி, இலை என்று தனித்தனியாகப் பிரித்து, துண்டு துண்டாக அறுத்துத் தராசில் ஏற்றுவார்கள். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு வில்லையை வெட்டிப் பையில் போட்டு எண் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அது உலர்த்தும் அடுப்பில் 105 டிகிரி சூட்டில், இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை காயும். ஈரம் போக மிஞ்சுவதுதான் அந்த மரத்தின் உண்மையான உயிர்த்திரள். ஒரு பெரிய மரத்துக்கு ஒரு குழு நாள்கணக்கில் உழைக்க வேண்டும்.

இப்படி வெப்பமண்டல நாடுகளில் 58 இடங்களில் வெட்டி எடை போட்ட 4,004 மரங்களின் அளவுகளைத் திரட்டி, 2014-இல் பிரெஞ்சு சூழலியலாளர் ஜெரோம் ஷாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சமன்பாடு தந்தார்கள். மரத்தின் விட்டம், உயரம், கட்டையின் அடர்த்தி ஆகிய மூன்றும் தெரிந்தால், வெட்டாமலே எடையை மதிப்பிடலாம். இன்று உலகெங்கும் அதிகமாகப் பயன்படும் சமன்பாடுகளில் இது ஒன்று. களப்பணியாளர்கள் காட்டில் ஒரு ஹெக்டேர் ஆய்வுத் திடல் அமைத்து, அதிலுள்ள மரங்களை எல்லாம் அளந்து, இந்தச் சமன்பாட்டில் போட்டுக் கூட்டுகிறார்கள். அந்தத் திடலின் மேல் விழும் செயற்கைக்கோள் பிக்சலோடு அதைப் பொருத்துகிறார்கள். அந்தப் பொருத்தத்திலிருந்து ஒரு கணித மாதிரி பிறக்கிறது. அதைக் கொண்டு திடலே இல்லாத பல லட்சம் ஹெக்டேருக்கு நிறம் தீட்டுகிறார்கள். வரைபடத்தில் காணும் ஒவ்வொரு டன்னும் இந்தச் சங்கிலி வழியாக வந்ததுதான். தரையில் இருக்கும் கண்ணியைக் கழற்றிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் நிறம்.

அந்த மூன்று அளவுகளில் கட்டையின் அடர்த்தியைக் கொஞ்சம் கவனியுங்கள். இலவ மரத்தின் கட்டை ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.35 கிராம் அளவில் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நாங்கு மரக்கட்டை 0.9 கிராமை ஒட்டி இருக்கும், தண்ணீரில் போட்டால் மிதப்பதே சிரமம். 60 சென்டிமீட்டர் விட்டமும் 25 மீட்டர் உயரமும் உள்ள இரண்டு மரங்களை ஷாவின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். அது இலவமாக இருந்தால் ஏறக்குறைய 1.65 டன். நாங்காக இருந்தால் 4.15 டன். உயரமும் பருமனும் ஒன்றே, எடையில் மட்டும் இரண்டரை மடங்கு வித்தியாசம். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒரே உயரத்துப் பச்சைக் குடைகள்தான். இது என்ன மரம் என்று சொல்லக் கூடியவர் அடிமரத்தைக் கீறிப் பார்த்து, பாலின் நிறத்தையும் பட்டையின் வாசனையையும் அறிந்த ஒருவர். அவர் நிற்கும் இடம் காடு.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2011-இலும் 2012-இலும் உலகின் வெப்பமண்டலக் காடுகளுக்கு இரண்டு பெரிய கார்பன் வரைபடங்கள் வந்தன. ஒன்று சாச்சி குழுவினருடையது, மற்றது பச்சினி குழுவினருடையது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வகைத் தரவிலிருந்து செய்யப்பட்டவை. ஆனாலும் ஒன்றோடொன்று பல இடங்களில் முரண்பட்டன. 2014-இல் மிட்சார்டும் அவருடன் பலரும் அமேசான் காட்டின் 413 ஆய்வுத் திடல்களின் அளவுகளோடு இரண்டையும் ஒப்பிட்டார்கள். அமேசானின் வடகிழக்கில், கயானாப் பக்கம், கனமான கட்டை கொண்ட மரங்கள் மிகுதி. தென்மேற்கே போகப் போக லேசான கட்டை மரங்கள் கூடும். தரையில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு வரைபடத்திலுமே சரியாகப் பதிவாகவில்லை. பெரும் பரப்புகளில் திடல் அளவோடு 25 சதவீதத்துக்கும் மேல் விலகல் இருந்தது.

“பரப்பு பெரிதாகப் பெரிதாகப் பிழைகள் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளும்” என்று இதற்குப் பதில் சொல்வார்கள். தற்செயலான பிழைகள் அப்படித்தான் கழிந்துபோகும். ஆனால் ஒரு பகுதி முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை கழியாது, கூடிக்கொண்டே போகும். கயானாவில் குறைத்துச் சொன்னதும் தென்மேற்கில் கூட்டிச் சொன்னதும் சேர்ந்து மொத்தத் தொகை சரியாக வந்துவிட்டால்கூட, கயானாவின் காட்டைப் பாதுகாக்க அந்தத் தொகை எப்படி உதவும்?

அடுத்து வரும் வாதம், இவையெல்லாம் பழைய கருவிகளின் குறை, புதியவை தீர்த்துவிடும் என்பது. நிசாரையே எடுத்துக்கொள்வோம். அதன் எல்-பட்டை ரேடாரின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். இலைகளைத் தாண்டிக் கிளைகள் வரை ஊடுருவும். ஆனால் காடு அடர்ந்து கொண்டே போனால் ஒரு கட்டத்துக்கு மேல் திரும்பி வரும் அலையின் வலு கூடுவதில்லை. அதற்குப் பிறகு 200 டன் காடும் 400 டன் காடும் ரேடாருக்கு ஒன்றுதான். இதை நிசார் திட்டத்தினர் மறைக்கவில்லை. அவர்களுடைய அறிவியல் இலக்கிலேயே ஹெக்டேருக்கு 100 டன் வரையிலான உயிர்த்திரளைத்தான் குறிப்பிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் ஹெக்டேருக்கு 400 டன்னைத் தாண்டும் இடங்கள் உண்டு. முதலில் காப்பாற்ற வேண்டிய காடு எதுவோ, அங்கேதான் கருவி வாய் மூடிவிடுகிறது.

ஐரோப்பிய ‘பயோமாஸ்’ இந்தக் குறையைக் களையவே செய்யப்பட்டது. அதன் பி-பட்டை அலை 70 சென்டிமீட்டர் நீளமுள்ளது. பெருங்கிளையையும் அடிமரத்தையும் எட்டும். ஆனால் அது தரவிருக்கும் உயிர்த்திரள் வரைபடத்தில் ஒரு கட்டம் 200 மீட்டருக்கு 200 மீட்டர், அதாவது 4 ஹெக்டேர். நீலகிரியிலும் பழனி மலையிலும் மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்கும் சோலைகளில் பல அதைவிடச் சிறியவை. சோலையும், அதைச் சூழ்ந்த புல்வெளியும், பக்கத்துச் சீகை மரத் தோட்டமும் ஒரே கட்டத்துக்குள் கலந்துபோகும்.

லேசர் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018 டிசம்பரில் ஏற்றப்பட்ட நாசாவின் ‘ஜெடி’ கருவி காட்டின் செங்குத்து அமைப்பையே நமக்குக் காட்டியது. உச்சி எங்கே, நடு அடுக்கு எங்கே, தரை எங்கே என்று அடுக்கடுக்காகச் சொல்லக்கூடியது. இந்தத் துறையில் நடந்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அதன் ஒவ்வொரு துடிப்பும் தரையில் 25 மீட்டர் அகலமுள்ள வட்டமாக விழுகிறது. 30 டிகிரி சரிவில் அந்த வட்டத்தின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே தரையே 14 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கிவிடும். அப்போது தரை எது, புதர் எது, தாழ்ந்த மரத்தின் உச்சி எது என்று பிரிப்பது பெரும்பாடு. நம் மலைக்காடுகளில் 30 டிகிரி சரிவு அபூர்வமல்ல. சரிவாக இருந்ததால்தான் அந்தக் காடுகள் தோட்டங்களாகாமல் தப்பின.

“எல்லாத் தரவையும் ஒன்றாகக் கொட்டிச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டால் போதும்” என்பது இப்போது அதிகம் கேட்கும் வாதம். இதற்கு நல்ல பதில் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. பியேர் புளோத்தோனும் அவருடைய குழுவும் அங்கே அளக்கப்பட்ட 1 கோடியே 18 லட்சம் மரங்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். செயற்கைக்கோள் படங்களையும் மழை, மண், நில அமைப்பு போன்ற தரவுகளையும் வைத்து, பெரிய வரைபடங்களைச் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே முறையில் ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். வழக்கமான முறையில் சோதித்தபோது, காட்டின் உயிர்த்திரள் வேறுபாட்டில் பாதிக்கும் மேல் அந்த மாதிரி சரியாகச் சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. பார்த்தால் நல்ல மதிப்பெண். பிறகு வேறு விதமாகச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற இடங்களுக்குப் பக்கத்திலேயே தேர்வு வைக்காமல், தள்ளி உள்ள இடங்களில் தேர்வு வைத்தார்கள். மாதிரியின் திறன் ஏறக்குறைய சுழியமாக விழுந்தது. 2020-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வைக் கார்பன் வரைபடம் விற்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

ஏன் அப்படி நடந்தது? அருகருகே உள்ள இடங்கள் ஒன்றுபோல இருக்கும். ஒரு திடலைப் பார்த்துப் படித்த கணினி, அதற்கு அடுத்த திடலைச் சரியாகச் சொல்வதற்குக் காட்டைப் புரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கத்து விடையை ஒட்டிச் சொன்னாலே போதும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானைக்குத்தான் பொருந்தும். ஆனைமலையின் மழைக்காடு ஒரு பானை, சத்தியமங்கலத்தின் முட்காடு வேறொரு பானை, பிச்சாவரத்தின் அலையாத்திக் காடு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் கையை விட்டுப் பார்க்காமல் வெந்ததா என்று சொல்ல முடியாது.

இனி நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் காடும் மரப்பரப்பும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர், நிலப்பரப்பில் 25.17 சதவீதம் என்றது. இரண்டு ஆண்டில் 1,445 சதுர கிலோமீட்டர் கூடிவிட்டது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. இதில் காடு என்று எண்ணப்படுவது எது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதில் 10 சதவீத மர விதானம். அவ்வளவுதான். என்ன மரம், யார் நிலம், எதற்காக நட்டது என்ற கேள்வியே இல்லை. அதனால்தான் நாட்டிலேயே சதவீதக் கணக்கில் காடு மிகுந்த இடமாக லட்சத்தீவு வருகிறது, 91.33 சதவீதம். அங்கே போனவர்களுக்குத் தெரியும், அது தென்னந்தோப்பு.

ராமநாதபுரத்துக் கண்மாயில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் 10 சதவீத விதானம் இருந்தால் இந்தக் கணக்கில் சேரும். நீலகிரியின் இயற்கையான புல்வெளி சேராது. அதன் மேல் நட்ட சீகை சேரும். பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதை அரசுமணியும் அவருடைய குழுவினரும் 2018-இல் காட்டினார்கள். பெரும்பாலும் மரத்தோட்டங்களும் விவசாயமும் அதை விழுங்கின. கவனிக்க வேண்டியது, அதைக் கண்டுபிடிக்க உதவியதும் செயற்கைக்கோள் படங்கள்தான். எதைப் பார்க்கிறோம் என்று தரையில் நடந்து அறிந்தவர்கள் கையில் அதே படங்கள் உண்மையைச் சொன்னன. ஆகவே நான் கருவியின் மேல் குற்றம் சொல்லவில்லை. கருவி மட்டும் போதும் என்பவர்களோடுதான் என் வழக்கு.

அதே அறிக்கை இந்தியக் காடுகளின் கார்பன் இருப்பு 728.55 கோடி டன் என்கிறது. அதில் பாதிக்கும் மேல் மண்ணுக்குள் இருக்கிறது. எந்த ரேடாரும் லேசரும் அங்கே எட்டிப் பார்க்காது. குழி தோண்டி மண் எடுத்துச் சோதித்துத்தான் அந்த எண் கிடைத்தது. மேலே நிற்கும் மரத்தின் கணக்கும் வன ஆய்வு நிறுவனத்தின் களக்குழுக்கள் திடல் திடலாக அளந்ததை வைத்தே போடப்படுகிறது. செயற்கைக்கோள் அங்கே காட்டை வகை பிரிக்கத்தான் பயன்படுகிறது. நாட்டின் பெயரால் உலக மேடையில் வைக்கப்படும் கார்பன் கணக்கு ஆட்கள் நடந்துபோய் அளந்ததில் பிறந்தது என்பதை அந்தக் கணக்கைக் கொண்டாடுபவர்கள் பலரும் அறிந்திருக்கவில்லை.

காட்டை ஒரு தொகையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய நிக்கோபார் சாட்சி. அங்கே துறைமுகமும் நகரமும் கட்ட ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை ஒதுக்கிவிட்டு, அதற்கு ஈடாக மரம் நட ஹரியானாவைக் காட்டினார்கள். வங்கக்கடல் தீவின் மழைக்காட்டுக்கு ஆரவல்லியின் வறண்ட நிலம் ஈடாகும் என்பது ஹெக்டேரையும் டன்னையும் தவிர வேறெதையும் அறியாத கணக்கில்தான் சாத்தியம்.

தரையில் நிற்பவர்களுக்கு மட்டும் தெரிவது எது என்று கேட்பவர்கள் முதுமலையைப் பார்க்கட்டும். 1988-இல் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழுவினர் அங்கே 50 ஹெக்டேரில் ஒரு நிரந்தரத் திடல் அமைத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேல் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் பொறித்த தகடு உண்டு. தொடக்கத்தில் அப்படி எண்ணியவை ஏறக்குறைய 26 ஆயிரம். ஆண்டுதோறும் போய் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பருமனை மீண்டும் அளக்கிறார்கள். செத்த மரம் எதனால் செத்தது, யானை ஒடித்ததா, தீயில் கருகியதா என்பதும் குறிப்பில் ஏறும். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும், போன முறை அளந்த அதே இடத்தில்தான் நாடாவைச் சுற்ற வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகள் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே போனாலும் மரம் வளர்ந்ததா தேய்ந்ததா என்பதே மாறிவிடும்.

இந்தப் பொறுமையால்தான் ஒரு விஷயம் தெரிய வந்தது. கிடியா காலிசினா என்ற, யானைக்கு மிகவும் பிடித்த சிறுமரம் அந்தத் திடலில் ஆண்டுக்கு ஆண்டு சரிந்து, முன்பிருந்ததில் சிறு பங்காகக் குறைந்துபோனது. அது பெரிய மரங்களின் நிழலில், நடு அடுக்கில் நிற்பது. மேலே தேக்கும் வெக்காலியும் விதானம் விரித்திருக்கும்போது, கீழே ஓர் இனமே காலியாவதை மேலிருந்து பார்க்கும் படம் காட்டாது. மொத்த உயிர்த்திரளில் அதன் பங்கு சிறிது. ஆனால் யானைக்கு அது உணவு, காட்டுக்கு அது அடுத்த தலைமுறை.

களப்பணிக்குச் செலவு அதிகம், ஆள் கிடைப்பதில்லை என்பது கடைசி வாதம். நிசாருக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 150 கோடி டாலர் என்கிறார்கள். அந்தப் பணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவ்வளவு செலவழித்த பிறகு, அந்தக் கருவி சொல்வது சரியா என்று பார்க்கும் திடல்களுக்குப் பணமில்லை என்றால் அதை ஏற்க முடியாது. ஷாவும், இத்தகைய செயற்கைக்கோள் திட்டங்களிலேயே பணிபுரியும் விஞ்ஞானிகளும் 2019-இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்கள். தரைத் தரவு இல்லாமல் இந்தத் திட்டங்கள் நிறைவேறாது, அதைச் சேகரிப்பவர்களுக்கு நீண்ட கால நிதி வேண்டும் என்றார்கள். கருவியைச் செய்தவர்களே இப்படிச் சொல்லும்போது, அதன் படங்களை வாங்கி விற்பவர்கள் வேறு மாதிரிப் பேசுவதை ஏன் நம்ப வேண்டும்? ஆள் கிடைப்பதில்லை என்பதும் உண்மையல்ல. இலையையும் பட்டையையும் பார்த்து மரத்தைச் சொல்லும் இருளரும் குறும்பரும் காடரும் நம் மலைகளில் இருக்கிறார்கள். அவர்களை நாள்கூலிக்கு வைத்துவிட்டு, கணினி முன் இருப்பவருக்கு மட்டும் நிரந்தர வேலை தரும் ஏற்பாட்டைத்தான் மாற்ற வேண்டும்.

தமிழ்நாடு 2022-இல் பசுமை இயக்கம் தொடங்கி, காடும் மரமும் உள்ள பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவதாக அறிவித்திருக்கிறது. அதன் வெற்றியை வெறும் படத்தில் பச்சை கூடியதை வைத்து எண்ணக் கூடாது. ஒவ்வொரு வனக்கோட்டத்திலும், மழைக்காடு முதல் முட்காடு வரை அங்குள்ள ஒவ்வொரு காட்டு வகையிலும், நிரந்தர ஆய்வுத் திடல்கள் வேண்டும். மரத்தின் பெயர், பருமன், உயரம், இறப்பு எல்லாம் மரம் மரமாகப் பதிவாக வேண்டும். அந்தப் பதிவுகள் அலமாரியில் கிடக்காமல் யார் கேட்டாலும் கிடைக்கும்படி பொதுவில் இருக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்டில் கார்பன் திட்டம் என்று சொல்லி யாராவது பச்சை வரைபடம் ஒன்றை நீட்டினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இந்தக் காட்டில் எத்தனை மரங்களை அளந்தீர்கள், எந்த ஆண்டில் அளந்தீர்கள், அந்தப் பதிவேடு எங்கே?